அப்பா கைகாட்டிய மூலை

அத்தியாயம் பதினொன்று

பால்டிமோரிலிருந்து இரவெல்லாம் பேருந்தில் உட்கார்ந்து வந்த வெர்னெல்லைப் போன வாரம் பார்டோ தீவில், தம்பி ஹோசியா வீட்டு வாசலில் இறக்கிவிட்டோம். கையில் ஒரு பெட்டி, நெஞ்சில் ஒரு பாரம்.

பாரம் என்னவென்று விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். குடும்ப நிலத்தில் தன் மூலையை யாருக்கும் தெரியாமல் ஒரு கம்பெனிக்கு விற்றவள் வெர்னெல்தான். கணவன் கிளைடுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது; வைத்தியத்துக்காக விற்றாள். வைத்தியம் நடந்தது, கிளைட் பிழைக்கவில்லை.

இப்போது அந்தக் கம்பெனி, மூலை போதாதென்று மொத்த நிலத்தையும் ஏலம் விடச் சொல்லி வழக்குப் போட்டிருக்கிறது. விற்ற பங்காளி யார் என்று தீவில் ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். தம்பிக்கு விஷயம் தெரியாது என்று வெர்னெல் நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் அவன் வீட்டில் சாப்பிட்டாள், அவன் விரித்துக் கொடுத்த கட்டிலில் படுத்தாள்.

இன்றைக்கு சார்ல்ஸ்டன் நகரத்தில் விசாரணை.

ஹோசியாவின் வண்டியில் முன்னால் ஒரே நீள இருக்கைதான். ஹோசியா ஓட்ட, அவன் மனைவி அல்மீட்டா நடுவில், வெர்னெல் ஜன்னலோரம். அல்மீட்டா சர்ச்சுக்குப் போகிற ஊதாத் தொப்பியை மடியில் வைத்திருந்தாள். காலடியில் சாப்பாட்டுக் கூடை. பொரித்த மீனும் தக்காளிச் சோறும் மணத்தன. வழக்கமாக அந்த வாசனைக்கே வெர்னெல்லுக்குப் பசி வந்துவிடும். இன்றைக்கு அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

"டெட்ராய்ட்ல இருக்கற பங்காளிப் பசங்கள்ல ஒருத்தன்தான் வித்திருக்கான். நான் எங்க வேணா சத்தியம் பண்றேன்," என்றாள் அல்மீட்டா. "அன்னிக்கி வந்தானுங்களே, நண்டைப் பார்த்துட்டு 'இதை எப்படி அத்தை திங்கறது'ன்னு கேட்டானுங்க. நண்டு திங்கத் தெரியாதவனுக்கு நெலத்தோட அருமை எங்கேருந்து தெரியும்?"

"யாருன்னு தெரியாம பேசாதே," என்றான் ஹோசியா.

"தெரிஞ்சா பேசமாட்டேன். கையாலதான் பேசுவேன். என்ன அண்ணி, நான் சொல்றது தப்பா?"

வெர்னெல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வெயில் கண்ணைக் குத்துது," என்றாள்.

பாலம் தாண்டியதும் ஹோசியா வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

"அக்கா, மொகம் ஒரு மாதிரி இருக்கு. எறங்கிக் கொஞ்சம் காத்து வாங்கறதுன்னா வாங்கு. நானும் கூட எறங்கறேன். அல்மீட்டா வண்டியில இருப்பா."

"வேணாம்டா. போ."

அவன் ஒரு கணம் பார்த்துவிட்டு மறுபடி வேகமெடுத்தான். தம்பி நல்லவன் என்பது அன்றைக்கு அவளுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

அந்த நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அடிமைத்தளை விட்டதும் கொள்ளுத்தாத்தா வாங்கிய நிலம். அவரும் உயில் எழுதவில்லை, அவர் மகனும் எழுதவில்லை, வெர்னெல்லின் அப்பாவும் எழுதவில்லை. சோம்பேறித்தனத்தால் இல்லை. பிடிவாதமாக எழுதவில்லை. "எழுதினாத்தான் பறிப்பான். எழுதாம வெச்சா எல்லாருக்கும் சொந்தம், எவனும் கிட்ட வர முடியாது" என்பார் அப்பா. தீவில் முக்கால்வாசிக் குடும்பம் அப்படித்தான் நினைத்தது. காகிதத்தோடு வந்த எவனும் அவர்களுக்கு நல்லது செய்ததில்லை, அதனால் அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை.

எழுதமாட்டாரே தவிர, அப்பா பங்கு பிரிக்காமல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் பிள்ளைகளை நிற்க வைத்து, கையிலிருந்த படகுத் துடுப்பால் காட்டினார். கிணற்றிலிருந்து ரோடு வரைக்கும் ஹோசியாவுக்கு. பீக்கன் என்கிற கொட்டை மரத்திலிருந்து ஓடைக்கரை வரைக்கும் வெர்னெல்லுக்கு. மரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கல்லறைகள் யாருக்கும் இல்லை, செத்தவர்களுக்கு. அதோடு முடிந்தது பாகப்பிரிவினை. வெர்னெல் அன்றைக்கே ஓடிப்போய்த் தன் மரத்தைக் கட்டிப்பிடித்தாள்.

அந்த மூலையைத்தான் விற்றாள். தன்னுடையதை விற்றோம், தம்பியின் வீட்டையோ கல்லறையையோ தொடவில்லை என்றுதான் நினைத்தாள்.

பிராட் தெருவில் வண்டியை நிறுத்த இடம் கிடைக்காமல் ஹோசியா சுற்றிச் சுற்றி வந்தான். குதிரை வண்டிகளில் வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்தபடி போனார்கள். ஒருவழியாக இடம் கிடைத்ததும் மூன்று பேரும் வியர்த்துக்கொட்ட நடந்தார்கள். அல்மீட்டா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, நீதிமன்றக் கதவின் கண்ணாடியில் சரிபார்த்துக்கொண்டாள்.

"எதுக்கு இப்ப அலங்காரம்?" என்றான் ஹோசியா.

"ஏமாந்தவன்னு தெரிஞ்சா இன்னும் ஏமாத்துவான். நிமிந்து நட."

உள்ளே அவர்களுடைய வக்கீல் விட்லோ காத்திருந்தார். சின்ன வயசு, பெரிய பை, எந்த வழக்கிலும் தூங்காத கண்கள். ஒரு கத்தைக் காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு எதிர்த்தரப்பு வக்கீலிடம் பேசப் போனார்.

வெர்னெல் நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அந்தக் கத்தைக்குள் எங்கோ தன் பெயர் இருக்கிறது.

அல்மீட்டா கையை நீட்டினாள். "என்னதான் எழுதியிருக்கான்னு பார்ப்போம்."

அதற்குள் ஹோசியா தன் தொப்பியைக் கழற்றிக் காகிதங்களின் மேல் வைத்தான். "விடு. அதுல நமக்கு என்ன புரியப் போவுது."

"எனக்குப் படிக்கத் தெரியும்."

"தெரியும். விடு."

விசாரணை முடியும்வரை அந்தத் தொப்பி அங்கேயே இருந்தது. வெர்னெல்லின் கண் அதைவிட்டு நகரவில்லை. தெய்வமே, அவன் அதை எடுத்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். தன் வேண்டுதல் இவ்வளவு கேவலமாகிப் போனதே என்று வெட்கப்பட்டாள், வெட்கப்பட்டுக்கொண்டே மறுபடி வேண்டினாள்.

ஹோசியாவைக் கூண்டில் ஏற்றினார்கள். கம்பெனி வக்கீல் மரியாதையான மனிதர். குரலை உயர்த்தவே இல்லை.

"உங்க வீடு நிக்கிற எடம் உங்களோடதுன்னு எதை வெச்சு சொல்றீங்க, சார்?"

"எங்கப்பா காட்டினாரு. கெணத்துலேர்ந்து ரோடு வரைக்கும்."

"எப்படிக் காட்டினாரு?"

"நின்னு காட்டினாரு."

"கையாலயா?"

"துடுப்பால."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஹோசியா சிரித்தவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. இறால் வலை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கைகளைக் கூண்டின் விளிம்பில் வைத்து நேராக நின்றான்.

"நான் பொறந்ததும் அந்த வீட்டுலதான். என் தாத்தா கட்டினது. வரி நான்தான் கட்டறேன். டெட்ராய்ட்லேர்ந்து ஒருத்தனும் ஒரு ஆணி அனுப்பினதில்லை," என்றான்.

"அது எனக்குத் தெரியும், சார். வேற கேள்வி இல்லை."

நீதிபதி வயசான வெள்ளைக்காரர். அவரும் கெட்டவராகத் தெரியவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும். தண்ணீர் குடித்துவிட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

"மிஸ்டர் ஹோசியா, உங்க அப்பா காட்டினதை நான் நம்பறேன். ஆனா உயில் இல்லாத நெலத்துல மூலைன்னு ஒண்ணு கெடையாது. ஒவ்வொரு பிடி மண்ணும் எல்லாரோட பிடி மண். வித்தவங்க ஒரு மூலையை விக்கலை. மொத்தத்துல ஒரு பங்கை வித்தாங்க. வாங்கினவங்களுக்கு உங்க வாசல்லயும் பங்கு இருக்கு, கெணத்துலயும் பங்கு இருக்கு. பங்கைப் பிரிச்சுக் குடுன்னு அவங்க கேக்கறாங்க. அம்பது வாரிசுக்கு மேல இருக்கீங்க. அத்தனை துண்டா வெட்டினா யாருக்கும் பிரயோஜனம் இல்லை. சட்டம் எனக்கு ஒரே வழிதான் விட்டிருக்கு."

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை, இதே கட்டடத்தின் வாசலில் ஏலம்.

வெர்னெல்லின் காதில் 'ஒரு மூலையை விக்கலை' என்ற வார்த்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. அவள் கொடுத்தது பீக்கன் மரமும் ஓடைக்கரையும் மட்டும் இல்லை. தம்பி படுக்கிற கட்டிலின் அடியில் இருக்கிற மண்ணையும் அவள்தான் கொடுத்திருக்கிறாள். கொடுத்த அன்றைக்கு, கையெழுத்து வாங்க வந்த கம்பெனி ஆளுக்கு அவள் காபி வேறு போட்டுக் கொடுத்தாள்.

வெளியே படிக்கட்டில் விட்லோ நின்று பேசினார். மேல்முறையீடு செய்யலாம், பலன் இருக்காது. ஏலத்தில் குடும்பமே எடுக்கலாம், கம்பெனியோடு போட்டி போட முடியாது. இரண்டையும் ஒரே குரலில் சொன்னார்.

"கல்லறை?" என்றாள் அல்மீட்டா.

"கல்லறையை யாரும் இடிக்கமாட்டாங்க, மேடம். அதுக்குப் பாதுகாப்பு இருக்கு. அவங்க வேலி போட்டு கேட் வெப்பாங்க. நீங்க முன்கூட்டியே சொல்லிட்டு, கேட்ல பேர் குடுத்துட்டுப் போய்ப் பார்க்கலாம்."

"என் பட்டனைப் பார்க்க நான் எவன்கிட்ட பேர் குடுக்கணும்?"

பட்டன் என்பது அல்மீட்டாவின் மகனை வீட்டில் கூப்பிட்ட பெயர். சர்ச்சில் வைத்த பெயர் எஸ்ரா. தீவுக்குப் பாலம் வருவதற்கு முன், வயிற்றுவலியில் துடித்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற படகிலேயே அம்மா மடியில் உயிர்விட்ட பிள்ளை. ஏழு வயசு. அதற்கப்புறம் அல்மீட்டாவுக்குப் பிள்ளை இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் கல்லறைக்குப் போய் அவனோடு பேசிவிட்டு வருவாள். அவன் கடைசியாகப் பால் குடித்த கோப்பை, கரண்டி, ஓடாத அலாரம் கடிகாரம் எல்லாம் மண்ணின் மேல் இருக்கின்றன. செத்தவர்கள் புழங்கிய பொருளை அவர்கள் தலைமாட்டில் வைப்பது தீவின் பழக்கம். வருடத்துக்கு ஒருமுறை, அவன் பிறந்தநாளுக்கு, சார்ல்ஸ்டன் கடையில் ஒரு புதுக் கோப்பை வாங்கி, அடியில் ஒரு தட்டுத் தட்டி விரிசல் விட்டு வைப்பாள். முழுசாக வைத்தால் சாவு வீட்டை விடாது, விரிசல் விட்டால் அதோடு அறுந்துபோகும் என்பார்கள்.

விட்லோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஸாரி, மேடம்," என்றார். அடுத்த வழக்குக்கு நேரமாகிவிட்டது, பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

கடல் சுவரோரம் ஓக் மரங்களின் நிழலில் ஒரு பெஞ்சு கிடைத்தது. கூடையைத் திறந்தார்கள். யாருக்கும் சாப்பிட மனமில்லை. ஆனாலும் அல்மீட்டா பரிமாறினாள். துக்க வீடானாலும் அவள் கூடையைத் திறந்துவிட்டால் சாப்பிடாமல் எழுந்திருக்க முடியாது.

"சாப்பிடு அண்ணி. நேத்து ராத்திரியும் ஒண்ணும் சாப்பிடலை நீ. உனக்கென்ன, எங்களைவிட அதிகமா மொகம் தொங்கிப்போச்சு?"

"என் அப்பா நெலம் இல்லையா?" என்றாள் வெர்னெல்.

"ஆமா. மறந்தே போச்சு. நீயும் ஒரு மூலை வெச்சிருந்தே." அல்மீட்டா மீனில் முள் எடுத்து வெர்னெல்லின் தட்டில் வைத்தாள். "உன் மரத்துக் கொட்டையைத்தான் வருஷா வருஷம் பொறுக்கி இனிப்பு ரொட்டி சுடுவேன். உனக்கு ஒரு தடவையாவது அனுப்பியிருக்கணும். தபால்ல நொறுங்கிடும்னு விட்டுட்டேன்."

வெர்னெல் அந்த மீனை வாயில் வைத்தாள். மென்றுகொண்டே இருந்தாள்.

குதிரை வண்டி ஒன்று எதிரே வந்து நின்றது. வண்டிக்காரன் சுவரோரத்துப் பெரிய வீடுகளைக் காட்டி யார் கட்டியது, எந்தப் புயலில் தப்பியது என்று சொல்லிக்கொண்டிருந்தான். வீட்டைக் கட்டியவர்களின் பெயர் அவனுக்குத் தலைகீழாகத் தெரிந்திருந்தது. செங்கல் சுமந்தவர்களின் பெயரை அவனிடம் யாரும் கேட்கவில்லை. வண்டியிலிருந்த ஒரு அம்மாள் அல்மீட்டாவின் தொப்பியைப் பார்த்துச் சிரித்துவிட்டு கேமராவைத் தூக்கினாள்.

"எடுத்துக்கோ தாயே, எடுத்துக்கோ," என்றாள் அல்மீட்டா, பல்லைக் காட்டிக்கொண்டே. "அடுத்த மாசம் இதுவும் ஏலத்துக்கு வருது."

ஹோசியா சிரித்துவிட்டான். வெர்னெல்லும் சிரித்தாள். சிரித்த வேகத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது, அதைத் துடைப்பதற்குள் அல்மீட்டா பார்த்துவிட்டாள்.

"அழு. நல்லா அழு. நான் வீட்டுக்குப் போய் அழறேன்," என்று எழுந்தாள். "நான் போய் பட்டனுக்குக் கோப்பை வாங்கிட்டு வந்துடறேன். சனிக்கெழமை பிறந்தநாள். ஏலத்துக்கு முன்னாடி இந்த ஒண்ணாவது யாரையும் கேக்காம வெச்சுட்டு வரலாம்."

அவள் போவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடை நிமிர்ந்துதான் இருந்தது.

ஹோசியா தட்டைக் கீழே வைத்தான்.

"கிளைட் மாமா கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாரா? நீ ஒண்ணுமே சொல்லலியே அக்கா."

"கஷ்டந்தான். ரத்தம் சுத்தம் பண்ற நாள்ல எழுந்து நிக்கக்கூட முடியாது."

"செலவும் நெறைய ஆயிருக்கும்."

"ஆச்சு."

அவன் காத்திருந்தான். கடல் சுவரில் அலை மோதிக்கொண்டிருந்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று வெர்னெல் வாயைத் திறந்தாள்.

"தண்ணி இருக்கா?" என்று கேட்டாள்.

ஹோசியா பாட்டிலைக் கொடுத்தான். அவள் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கடலைப் பார்த்துச் சொன்னான்.

"காலையிலேர்ந்து நீ சொல்றதுக்கு வழிவிட்டுக்கிட்டே வர்றேன் அக்கா."

வெர்னெல் பாட்டிலைப் பெஞ்சின் மேல் வைத்தாள்.

"தெரியுமா உனக்கு?"

"போன குளிர்காலத்துலயே தெரியும். ஓடைவழியா படகுல ஒருத்தன் வந்தான். உன் மரத்தடியில நின்னு அளந்துக்கிட்டிருந்தான். யாருப்பா நீன்னு கேட்டேன். கம்பெனி ஆளுன்னான். 'உங்கக்கா நல்லவங்க, காபி போட்டுக் குடுத்தாங்க'ன்னான்."

"அப்ப அந்தத் தொப்பி…"

"அல்மீட்டா கோர்ட்டுல வெச்சு அதைப் படிக்க வேணாம்னு பார்த்தேன். வக்கீல்கிட்டயும் பேரைச் சொல்ல வேணாம்னு முன்னாடியே சொல்லிவெச்சேன்."

வெர்னெல் முகத்தை மூடிக்கொண்டாள். அவன் திட்டியிருக்கலாம், தட்டைத் தூக்கி எறிந்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"தெரிஞ்சும் ஏண்டா கேக்கலை? அன்னிக்கே ஒரு போன் பண்ணியிருந்தா எப்படியாவது திருப்பி வாங்கியிருக்கலாமே. வக்கீலையாவது பார்த்திருக்கலாமே."

ஹோசியா கையிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாமா படுக்கையில இருந்தாரு. கேட்டா நீ அவரை விட்டுட்டு ஓடி வருவே. அதான் கேக்கலைன்னு இத்தனை நாளா எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்," என்றான். "அது பொய்க்கா. உன் மூலைதானே போச்சு, என் மூலை பத்திரமா இருக்குன்னு நெனச்சேன். கெணத்துலேர்ந்து ரோடு வரைக்கும் எவனும் தொடமுடியாதுன்னு நெனச்சேன். வீட்டுக்குப் போயி நிம்மதியாத் தூங்கினேன். நீ வித்தே. நான் பார்த்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு பேரும் அப்பாவோட துடுப்பைத்தான் நம்பினோம்."

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மன்னிக்கிறதற்கும் மன்னிப்புக் கேட்கிறதற்கும் அங்கே இடமே இல்லாமல் போனது. வீடு போகப் போகிறது. இரண்டு பேரும் அழுது தீர்த்தாலும் போகத்தான் போகிறது.

"அல்மீட்டா?" என்றாள் வெர்னெல்.

"அவளுக்குத் தெரியாது. நான் சொல்லமாட்டேன். நான் சொன்னா உன்னைக் காட்டிக்குடுத்த மாதிரி ஆயிடும். சொல்லாம விட்டா அவளை ஏமாத்தின மாதிரி ஆயிடும். எதுவும் என்னால முடியலை." அவன் எழுந்தான். "நான் போய் வண்டியைக் கொண்டுவர்றேன். அதுக்குள்ள நீ என்ன செய்யணுமோ செய்."

அவன் போன சற்று நேரத்தில் அல்மீட்டா வந்தாள். மூச்சு வாங்க வந்து பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய இரண்டு பொட்டலங்களை எடுத்தாள்.

"அவர் எங்கே?"

"வண்டி எடுக்கப் போயிருக்கான்."

அல்மீட்டா ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். நீலக் கோப்பை, சின்னப் படகு வரைந்தது. "பட்டனுக்குப் படகுன்னா உசுரு. கடைக்காரி வெள்ளைதான் இருக்குன்னா, விடலை நான், உள்ளே போய்த் தேடச் சொன்னேன்." அடுத்த பொட்டலத்தைப் பிரித்தாள். கைப்பிடி தடித்த, பெரிய பழுப்புக் கோப்பை. "இது யாருக்குன்னு சொல்லு பார்ப்போம்."

வெர்னெல் தலையை அசைத்தாள்.

"கிளைட் அண்ணனுக்கு. ஒரு பானைக் காபி குடிப்பாரே மனுஷன். பால்டிமோர்ல சிமெண்டு போட்ட எடத்துல யாரு அவருக்குக் கோப்பை வெப்பா? சனிக்கெழமை நீயும் வா. பட்டன் பக்கத்துல ஒரு எடம் பண்ணி வெச்சுடுவோம். உன் மரத்துலேர்ந்து நாலு எட்டுதானே. கேட் போட்டான்னா அப்புறம் முடியாது."

வெர்னெல்லால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. இந்த வாரத்தைப் பொய்யிலேயே ஓட்டிவிடலாம், சனிக்கிழமை அவளோடு போய்க் கோப்பையும் வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறிவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் பட்டனின் தலைமாட்டில் மண்டியிட்டு, அந்த மண்ணை விற்ற கையால் மண்ணைத் தோண்ட வேண்டும்.

"அல்மீட்டா, அதைக் கீழே வை," என்றாள்.

"எதை?"

"ரெண்டையும். பெஞ்சு மேல வை."

அல்மீட்டா குழப்பமாகப் பார்த்தாள். இருந்தாலும் இரண்டு கோப்பைகளையும் தங்களுக்கு நடுவில் வைத்தாள். "சரி, வெச்சுட்டேன். என்ன விஷயம் அண்ணி?"

"டெட்ராய்ட் பசங்க யாரும் விக்கலை."

"அப்புறம் யாரு?"

வெர்னெல் அவள் முகத்தையே பார்த்தாள். நீண்ட நேரம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அல்மீட்டாவுக்குப் புரிந்தது. புரிந்ததும் அவள் கை தன்னையறியாமல் தொப்பிக்குப் போய், அது நேராக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தது.

"கிளைடுக்காக," என்றாள் வெர்னெல். "என் மூலை மட்டும்னு நெனச்சேன். சத்தியமா என் மூலை மட்டும்னுதான்…"

"அவருக்குத் தெரியுமா?"

வெர்னெல் தலையைக் குனிந்துகொண்டாள். அல்மீட்டாவுக்கு அந்தப் பதிலும் புரிந்தது.

காலையில் கையால் பேசுவேன் என்று சொன்னவள் கையை ஓங்கவில்லை. ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. தெருமுனையில் ஹோசியாவின் வண்டி திரும்பி, மெல்ல வந்து அவர்கள் எதிரே நின்றது. அல்மீட்டா எழுந்தாள். நீலக் கோப்பையை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றி, பைக்குள் வைத்தாள். சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டாள். பழுப்புக் கோப்பையைத் தொடவில்லை.

"பட்டனுக்கு மட்டும் போதும்," என்றாள்.

வண்டியில் ஏறினாள். நடு இருக்கைக்கு நகரவில்லை. வெர்னெல் வழக்கமாக உட்காருகிற ஜன்னலோரத்திலேயே உட்கார்ந்து, கதவை இழுத்துச் சாத்தினாள். நேரே முன்னால் பார்த்தாள், கணவன் பக்கமும் திரும்பவில்லை.

ஹோசியா மனைவியைப் பார்த்தான். ஜன்னல் வழியாக அக்காவைப் பார்த்தான். பின்னால் வந்து நின்ற குதிரை வண்டிக்காரன் வழிவிடச் சொல்லி மணியடித்தான்.

வெர்னெல் கிளைடின் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டிக் கதவருகே போய் நின்றாள். மறுபடியும் மணி அடித்தது. வண்டி கிளம்பவில்லை. கதவும் திறக்கவில்லை.